பார்த்தும் பார்க்காத கடைத்தெரு

போனில் வரைபடத்தைத் திறந்து எங்கள் ஊரைத் தேடினால், பக்கத்திலேயே ஒரு நீலக் கோடு வளைந்து போகும். ஆரணி ஆறு. வரைபடத்தில் அதற்கு வருஷம் முழுக்கத் தண்ணீர். நேரில் வந்து பார்த்தால், ஐப்பசி கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்து, மேலே அணையையும் திறந்துவிட்டால்தான் தண்ணீர். மற்றபடி மணல், சீமைக்கருவேலம், நடுவே படுத்து அசைபோடும் எருமைகள். இருந்தும், "ஆற்றங்கரையில் ஒரு தொழில் நகரம்" என்று தலைப்பு வைத்து ஊரைப் பற்றி ஒரு வீடியோ செய்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆறு இருக்கிறது, கரை இருக்கிறது. போன மழைக்காலத்தில் பாலத்தின் மேலிருந்து எடுத்த காட்சியைப் போட்டேன், அவ்வளவுதான். 'நகரம்' என்பதில்தான் அண்ணனுக்குச் சந்தேகம். "பேரூராட்சிடா இது," என்றான்.

வீடியோ செய்யச் சொன்னது எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கம். நான் பொறியியல் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனிக்கு விளம்பர வேலை பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மீதி நாள் புதுவாயல் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ். 'விளம்பரம் தெரிஞ்ச பையன் ஊர்லயே சும்மா குந்திக்கினு கீறான்' என்று சங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் கவலையும் நியாயமானதுதான். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வந்து ஊரை அள்ளிக்கொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும். இருட்டும்போது கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். நடுவில் கடைத்தெருவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஊருக்குள்ளேயே ஒரு கம்பெனி வந்தால் அங்கே வேலை செய்கிறவர்கள் டீ குடிப்பார்கள், செருப்புத் தைப்பார்கள், சாயங்காலம் அரை கிலோ தக்காளி வாங்குவார்கள். சங்கத்தின் பொருளாதாரக் கொள்கை இதுதான். எனக்கும் பிடித்திருந்தது.

ஆனால் நான் ஓடி ஓடி வேலை செய்ததற்குக் காரணம் சங்கம் இல்லை. அண்ணி.

அண்ணியும் அந்த பஸ்ஸில் போனவர்தான். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களை அளந்து, சேர்த்து, கருப்பு டேப் சுற்றிக் கட்டுக்கட்டாக அனுப்பும் வேலை. சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து, ஒரு வரிசைக்கே பொறுப்பான லைன் லீடர் ஆனவர். குழந்தை பிறந்த பிறகு நின்றுவிட்டார். திரும்பப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"ஊருக்குள்ள வேலன்னா போம்மா, நான் புள்ளய பாத்துக்கறேன். பசியெடுத்தா தூக்கிக்கினு வந்து குடுப்பேன். பஸ் ஏறினா இன்னா பண்றது? கத்துற கொழந்தைய வச்சிக்கினு நான் ரோட்டுல நிக்கறதா?"

அம்மா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் பேஜாரு. அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் காலையில் அந்த பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம், செய்துகொண்டிருக்கும் வேலையை ஒரு நொடி நிறுத்துவார்.

வீடியோவை நான் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினேன். பதில் வந்தது ஒரே ஒருவரிடமிருந்து. அம்பத்தூரில் சின்னதாகக் கம்பெனி நடத்தும் ஒரு மேடம். அவரும் ஒயர்க் கட்டுதான் செய்கிறார். சரக்கு வாங்குகிறவர்கள் எல்லாம் கும்மிடிப்பூண்டிப் பக்கம். "செங்குன்றம் தாண்டறதுக்குள்ள லாரிக்கு வயசாயிடுது தம்பி. உங்க பக்கம் ஒரு ஷெட் கிடைச்சா நல்லது," என்றார்.

போனை வைத்ததும் அண்ணியிடம் ஓடினேன். "ஒயர்க் கட்டா?" என்று இரண்டு முறை கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு மட்டும் தோசையில் நெய் அதிகம்.

ஷெட் இருந்தது. ஆற்றோரத் தெருவில், ஓடாமல் நிற்கும் அரிசி மில். அதன் சொந்தக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவர் குடும்பம் பழவேற்காட்டிலிருந்து கருவாட்டு வியாபாரத்துக்கு வந்து, பிறகு நெல்லுக்கு மாறியது. மில் நின்றதிலிருந்து, அதை இடித்து மனை போடுகிறேன் என்று ஒருவர் அவரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தை பொறக்கற வரைக்கும் பொறுக்கறேன் தம்பி," என்றார் பாய். "எனக்கும் மிஷின் சத்தம் கேட்டாத்தான் சோறு எறங்கும். ஆனா அதுக்கு மேல அந்த மனைக்காரர முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம வச்சிருக்க என்னால ஆவாது."

மேடம் வருகிற நாள் முடிவானதும் சங்கத் தலைவருடைய கடையில் கூட்டம் கூடியது. தலைவர் ஹார்டுவேர் கடைக்காரர். ஆணி, பெயின்ட், குழாய் வாசனைக்கு நடுவில்தான் எங்கள் ஊரின் பெரிய முடிவுகள் எல்லாம் எடுக்கப்படும். வரவேற்பு பேனருக்கு நான் போனில் ஒரு டிசைன் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நீல ஆறு, வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர், கீழே ஒரு வரி. நிறைய வெற்றிடம். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

தலைவர் போனைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். "நல்லாக்கீது நைனா. ஆனா இன்னா, ஆளே இல்லியே?"

"ஆறு இருக்குதே தலைவரே."

"ஆத்துக்கு இன்னா, அது வரும், போவும். நாம இங்கியேதான கீறோம்?"

நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தலைவர் முகம் போட்டால் செயலாளர் முகம் போட வேண்டும். செயலாளர் ஸ்வீட் கடைக்காரர். அவர் முகம் வந்தால் எதிர்க்கடை பேக்கரிக்காரர் விடுவாரா? முன்னாள் தலைவர் கோபித்துக்கொள்வார். மெடிக்கல் ஷாப்காரர், "நான்லாம் வேணாம்ப்பா," என்று சொல்லிவிட்டுத் தன் போட்டோவை எனக்கு மூன்று விதமாக அனுப்பினார். கடைசியில் பாலத்து முனையில் கட்டிய பேனரில், வெள்ளைச் சட்டை முகங்களுக்குக் கீழே ஆறு ஒரு நீல ரிப்பன் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நடுவில் பெரிய வட்டத்துக்குள் மேடம். அவர் படம் கிடைக்காமல் வாட்ஸப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஏதோ மலையில், குளிர்க் குல்லாயும் கருப்புக் கண்ணாடியுமாக நின்றார்.

மேடம் ஒரு சின்னக் காரில் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பாலத்து முனையில் பேனரைப் பார்த்து பிரேக் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். குல்லாயில் தன்னைப் பார்த்தார். பிறகு சுற்றியுள்ள முகங்களை, ஒவ்வொன்றாக, நிதானமாக. அதற்குள் சரவெடி வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்து நடந்ததெல்லாம் எங்கள் ஊர் முறைப்படி குறையில்லாமல் நடந்தது. ஒருவர் சால்வை போர்த்தினார். அவர் போர்த்தியதால் அடுத்தவரும் போர்த்தினார். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் மேடம் நான்கைந்து சால்வைகளுக்குள் நின்றார். ஒவ்வொருவரும் கார்டு கொடுத்தார்கள். கார்டோடு சேர்த்து ஒரே வாக்கியத்தையும் கொடுத்தார்கள்: "எதுவானாலும் நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம்." மில்லைப் பார்க்கப் போனபோது கூடவே சங்கம் முழுவதும் உள்ளே நுழைந்ததால், மேடம் மில்லைப் பார்த்தாரா முதுகுகளைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. பாய் வீட்டில் பிரியாணி. புரட்டாசி என்று கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து, காய்கறி பிரியாணியும் தனியாக ஒரு அண்டா. மேடம் எதையும் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

எங்கள் வீட்டு வாசலில் குழந்தையோடு நின்ற அண்ணிக்கு அவர் காரின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

மறுநாள் மேடம் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, நீங்க நல்ல பையன். வீடியோவும் நல்லா இருந்தது. ஆனா ஊருக்குள்ள கால் வைக்கும்போதே இத்தன பேர். நாளைக்கு ஆயுத பூஜை, திருவிழா, பொறந்த நாள்னு ஒவ்வொருத்தரையும் நான் போய்ப் பாக்கணும், கவனிக்கணும். வேற ஒரு ஊர்ல பட்டிருக்கேன். வேலை பாக்கத்தான் என்கிட்ட ஆள் இருக்கு. இவங்கள எல்லாம் பாத்துக்க ஆள் இல்ல."

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தராசில் ஆணி போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"நாம டப்பு கேட்டமா நைனா? யாராச்சும் ஒரு பைசா கேட்டானா?"

"கேக்கல தலைவரே. மூஞ்சிங்கள பாத்தே பயந்துட்டாங்க."

"மூஞ்சிய பாத்தா?" ஆணி வாங்க வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே பொட்டலம் கட்டிக்கொண்டார். "பேனர்ல ஒருத்தன் மூஞ்சிய போட்டா இன்னா அர்த்தம்? நீ தைரியமா வா, ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் கேக்கறேன்னு அர்த்தம். நான் கீறேன்னு அர்த்தம். இதுல பயப்பட இன்னா கீது?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மேடம் பயந்ததும் உண்மை. ஒரே முகம்தான், இவருக்கு அது குடை, அவருக்கு அது பில். விளம்பர வேலை பார்க்கும் எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நானும் இந்த ஊர்க்காரன்தானே. பேனரைக் கட்டியபோது, என் போட்டோவும் ஓரத்தில் இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் அண்ணி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். மடியில் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ்ளோதானா?"

"நான் இன்னொரு வாட்டி பேசிப் பாக்கறேன் அண்ணி. ஊரப் பத்தி வேற மாதிரி..."

"நீ ஊரப் பத்தி பேசின தம்பி. போதும். நம்பரக் குடு, நான் என்னப் பத்தி பேசறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். ஒரு கை குழந்தையைப் பிடித்திருந்தது. அம்மா அடுக்களையில் பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

"மேடம், வீடியோ அனுப்புச்சே ஒரு தம்பி, அதோட அண்ணி பேசறேன். வேல கேக்கத்தான் பண்ணேன்."

"நான் இன்னும் ஷெட்டே எடுக்கலையேம்மா."

"எடுத்தா உண்டா மேடம்?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "என்ன வேலை தெரியும்?"

"உங்க வேலதான். கும்மிடிப்பூண்டியாண்ட லைன் லீடரா இருந்தேன். கொழந்த பொறந்துச்சு, நின்னுட்டேன்."

"உங்கள மாதிரி அங்க எத்தன பேர் இருப்பாங்க?"

"எங்க தெருவுலயே கீறாங்க மேடம். பஸ்ஸுக்குப் போவ முடியாம ஊட்டுல குந்திக்கினு கீறவங்க. வாங்க, காட்டறேன்."

மேடம் கேட்டார்: "வந்தா பேனர் வைப்பாங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "வெக்க மாட்டாங்க மேடம்," என்றார். ஊர் சார்பில் நான் என் வீடியோவில்கூட இவ்வளவு பெரிய வாக்குறுதி கொடுத்ததில்லை.

அதை நிறைவேற்றும் பொறுப்பு என்னுடையதாயிற்று. தலைவர் முதலில் புரிந்துகொள்ளவே இல்லை.

"ஊருக்கு வர்ற மனுசிய வாம்மான்னு கூட சொல்லக் கூடாதா? நாமெல்லாம் இன்னா, மாடா?"

"பாக்காத மாதிரி இருந்துடுங்க தலைவரே. எல்லாரும். அவங்க வருவாங்க, நடப்பாங்க, போவாங்க. அவ்ளோதான்."

"வெட்கக்கேடு," என்றார். ஆனால் சாயங்காலம் கடை கடையாகப் போய்ச் சொன்னது அவர்தான். எங்கள் சங்க வரலாற்றில், யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று நிறைவேறிய ஒரே தீர்மானம் அது. ஸ்வீட் கடைக்காரர் மட்டும், "ஒரு கும்பிடு?" என்று கேட்டுப் பார்த்தாராம். "கையக் கட்டிக்கினு உள்ளார போ," என்று தலைவர் சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், பாலத்துத் தூண்களைச் சுற்றி நுரை கட்டிக்கொண்டு போனது. தண்ணீர் பார்க்க பாலத்தில் கூட்டம். அந்த வாரத்தில்தான் மேடம் வந்தார். பாலத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு இறங்கி, கொஞ்ச நேரம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவரும் ஆற்றைப் பார்த்தார். பிறகு கடைத்தெருவுக்குள் நடக்க ஆரம்பித்தார். நான் சற்றுப் பின்னால், சம்பந்தமில்லாதவன் மாதிரி.

அப்படி ஒரு கடைத்தெருவை நான் பார்த்ததே இல்லை. ஸ்வீட் கடைக்காரர் பளபளவென்றிருந்த கண்ணாடியை மறுபடி மறுபடி துடைத்தார். மெடிக்கல் ஷாப்காரர் மாத்திரை அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். டீக்கடையில் ஆற்றிய டீயையே ஆற்றிக்கொண்டிருந்தார்கள். மேடம் கடந்து போனதும் முதுகுக்குப் பின்னால் அத்தனை தலைகளும் வெளியே நீண்டன. அவர் சட்டென்று திரும்பினார். அத்தனையும் உள்ளே போயின. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

பிறகுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. மேடம் நேராக ஹார்டுவேர் கடைப் படியேறினார்.

"அளக்கற டேப் இருக்கா?"

தலைவர் எடுத்து வைத்தார். கண்ணை மட்டும் நிமிர்த்தவில்லை. விலையைச் சொன்னார். விலையைக் குறைக்கவும் இல்லை, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவும் இல்லை. அந்த மனுஷனுக்கு உள்ளே என்ன பாடு என்று அவர் கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரிந்தது.

மேடம் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு, "நீங்கதானே அன்னைக்கு பேனர்ல எனக்கு வலது பக்கம் இருந்தீங்க?" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆமா மேடம்," என்றார். "இன்னிக்கி கடைக்காரன் மட்டும்தான்."

மில்லில் பாய், அண்ணி, எங்கள் தெருவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். இரண்டு பேர் இடுப்பில் குழந்தை. டேப்பின் ஒரு முனையை அண்ணி பிடிக்க, மறுமுனையை மேடம் இழுத்துக்கொண்டு போனார். வெளியே ஆறு போகும் சத்தம் ஷெட்டுக்குள் கேட்டது.

"இது உள்ள வருமா?" என்று அந்தச் சத்தத்தை நோக்கிக் கையைக் காட்டினார் மேடம்.

வீடியோவில் அந்த இடத்தில் நான் இசை போட்டிருந்தேன்.

"பெரிய வெள்ளத்துல இந்தப் படி வரைக்கும் வந்துச்சு," என்றார் பாய். "உள்ள வரல. அடுத்த தபா வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மூலைல கூரையும் ஒழுவும். பாத்துக்குங்க."

மேடம் படியையும் பார்த்தார், மூலையையும் பார்த்தார். "சரக்க மேடை போட்டு வச்சிக்கலாம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பெண்களிடம் என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டார். ஒரு பெண் தயங்கித் தயங்கி, "மத்தியானம் ஊட்டுக்குப் போயிட்டு வரலாமா மேடம்?" என்றாள்.

"எதுக்கு?"

"பால் குடுக்க."

"போயிட்டு வாங்க. டீக்கடையில நிக்காம வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. டேப்பின் முனையை இன்னும் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார். மேடம், "யோசிச்சுச் சொல்றேன்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாய் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது மேடம் மறுபடி ஹார்டுவேர் கடையில் நின்றார். டேப்பை மேஜைமேல் வைத்தார்.

"இத இங்கயே வச்சிருங்க. அடுத்த வாரம் எலக்ட்ரீஷியனோட வரும்போது வேணும்."

தலைவர் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் தீர்மானத்தை அவரே உடைத்தார். "மேடம், ஒரு டீயாச்சும்..."

"குடிக்கலாம். நீங்க ஒருத்தர் மட்டும் வாங்க. போதும்."

தெருவில் ஒரு தலைகூட வெளியே நீளவில்லை. ஆனால் எதிரே ஸ்வீட் கடையில் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்த கை, பாதியில் நின்றது.

தை மாதம் மில்லின் ஒரு பாதியில் வேலை ஆரம்பித்தது. மேளம் இல்லை, வெடி இல்லை. பழைய பேனர் வீணாகவில்லை; ஒழுகும் மூலைக்கு உள்பக்கமாகப் பாய் அதைக் கட்டிவிட்டார். மனசு கேட்காமல் முகங்கள் கீழே பார்க்கும்படி கட்டியிருக்கிறார். "டேப் சுத்தி நிமிந்தா உங்க தலைவர் சிரிக்கறாரு," என்றார் அண்ணி. "மழை பெஞ்சா அவர் மூஞ்சியிலதான் மொதல்ல எறங்கும்."

வீடியோவை மாற்ற வேண்டும் என்று இருக்கிறேன். ஷெட்டுக்குள் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "வேல நேரத்துல வராத," என்று அண்ணி சொல்லிவிட்டார். அதனால் மத்தியானம் ஆற்றோரத் தெருமுனையில் அம்மாவோடு நிற்கிறேன். மில் கதவு திறக்கும். முதலில் வருகிறவர் எப்போதும் அண்ணிதான். விரல் நுனியெல்லாம் டேப்பின் கருப்புப் பசை. குழந்தை அம்மா இடுப்பிலிருந்து தாவி அந்த விரலைப் பிடித்துக்கொள்ளும். பசையில் ஒட்டிக்கொண்ட பிஞ்சு விரல்களை அண்ணி அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடப்பார்.

விடியற்காலையில் பஸ் இன்னும் ஹாரன் அடிக்கிறது. அண்ணி கை நிற்காமல் தோசையைத் திருப்பிப் போடுகிறார்.